கப்பல் தைத்த உடை



உல்லாசக் கப்பலில் ஏழு நாள் பயணத்துக்குச் சீட்டு எடுத்தவருக்கு வந்து சேரும் தாள்களில் உடைக்குறிப்பு என்று ஒன்று இருக்கும். பகலில் அரைக்கால் சட்டையோ, நீச்சல் உடையோ, எதை அணிந்தாலும் கேட்பாரில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் கொஞ்சம் கட்டுப்பாடு. வாரத்தில் இரண்டு இரவுகளுக்கு மட்டும் குறிப்பின் குரல் மாறிவிடும். ஆண்கள் கறுப்பு டின்னர் ஜாக்கெட்டும் போ டையும் அணிய வேண்டும். இல்லையென்றால் அடர்நிறச் சூட்டாவது வேண்டும். பெண்களுக்குப் பாதம் தொடும் கவுன் அல்லது அதற்கு ஈடான மாலை உடை. இந்த இரவுகளுக்கு ‘ஃபார்மல் நைட்’ என்று பெயர். நீர்ச்சறுக்கு விளையாடவும் வெயிலில் படுத்துக் கிடக்கவும் காசு கொடுத்து வந்த ஒருவர் எட்டு மணிக்குக் கழுத்தை இறுக்கிக்கொண்டு சாப்பிடப் போவானேன்? இந்த வழக்கம் இன்று பல கப்பல்களில் தளர்ந்துவிட்டது, சிலவற்றில் அடியோடு போய்விட்டது. ஏன் போயிற்று என்பதற்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. மனிதர்களிடம் மரியாதை குறைந்துவிட்டது என்பார் ஒரு சாரார். மேட்டிமைத்தனம் ஒழிந்தது, நல்லதாயிற்று என்பார் மறுசாரார். எதிரெதிராகத் தெரிந்தாலும், உடையின் காரணத்தை மனிதர்களின் மனத்தில் தேடுவதில் இரண்டும் ஒன்றுதான். என் வாதம் வேறு. அந்த உடையைத் தைத்தது கப்பல். எவ்வளவு பெட்டி ஏற்ற முடிந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் சாப்பிட்டார்களா, அந்தக் கூடத்துக்குள் எந்த வழியாக நுழைந்தார்கள் என்பவைதான் அதன் அளவையும் துணியையும் தீர்மானித்தன. மனம் பின்னால் வந்தது.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்த காலத்தில் முதல் வகுப்புப் பயணியின் பெட்டிகள் மேல் சீட்டு ஒட்டுவார்கள். ‘பயணத்தில் தேவைப்படும்’ என்ற சீட்டு ஒட்டிய பெட்டி அறைக்கு வரும். ‘பயணத்தில் தேவைப்படாது’ என்பது கப்பலின் அடிவயிற்றுச் சரக்கறைக்குப் போகும். நிமிர்த்தி நிறுத்தினால் அலமாரியாகவே திறந்துகொள்ளும் பெட்டிகளும் இருந்தன. ஒரு பக்கம் கவுன்கள் தொங்கும், மறு பக்கம் இழுப்பறைகள். தூக்க ஆள் இருந்தது, வைக்க இடம் இருந்தது, எடையைக் கேட்பார் இல்லை. அந்தக் காலத்து ஆசாரம் ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் கிளம்பும் முதல் இரவும், கரை சேருவதற்கு முந்தைய கடைசி இரவும் முதல் வகுப்பில்கூட யாரும் மாலை உடை அணிவதில்லை. முதல் இரவில் பெட்டி பிரித்திருக்காது, கடைசி இரவில் கட்டி முடித்திருக்கும். பிரபுக்களின் நாகரிகம் என்று நாம் நினைப்பது மூட்டை முடிச்சின் கால அட்டவணைக்கு எவ்வளவு பணிந்து நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கடற்கொந்தளிப்பு மிகுந்த இரவுகளிலும் விதி தானாகவே தளரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கூடம். 1927இல் சேவைக்கு வந்த பிரெஞ்சுக் கப்பல் ‘இல் தெ பிரான்ஸ்’, 1935இல் முதல் பயணம் போன ‘நார்மண்டி’ ஆகிய இரண்டிலும் முதல் வகுப்பு உணவுக்கூடத்துக்குள் மேலிருந்து படிக்கட்டு வழியாக இறங்கித்தான் போக வேண்டும். நார்மண்டியின் கூடம் 305 அடி நீளம். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்தைவிட நீளம் என்று விளம்பரப்படுத்தினார்கள். ஒரே நேரத்தில் ஏறத்தாழ 700 பேர் உட்காரலாம். கடலைப் பார்க்க ஒரு சன்னல் கிடையாது. வெளிச்சம் முழுக்கக் கண்ணாடிக் கலைஞர் லாலீக்கின் தூண்களிலிருந்து வந்தது. கடலின் நடுவே போகும் கப்பலில் கடல் தெரியாத கூடத்தை ஒருவர் ஏன் கட்ட வேண்டும்? அங்கே பார்க்க வேண்டியது கடல் அல்ல, படியிறங்கி வருகிறவர்கள். உயரமான வெண்கலக் கதவு திறக்கும், பெண்ணொருத்தி ஒரு கணம் நிற்பாள், பிறகு இறங்குவாள். பின்னால் தரையைத் தொடும் துணிக்குப் படிக்கட்டு வேண்டும், படிக்கட்டுக்கு அந்தத் துணி வேண்டும். தட்டையான தாழ்வாரத்தில் நடந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவளுக்கு அந்தத் துணியால் ஒரு பயனும் இல்லை. காலில் சிக்கும், அவ்வளவுதான். ஆண்களுக்கு விதித்த கறுப்பு இந்த நாடகத்தின் பின்திரை. உடைக்குறிப்புகளைப் படித்தால் இன்றும் இது தெரியும்: ஆண்களுக்குச் சட்டை, டை, ஜாக்கெட் என்று உருப்படி உருப்படியாக விதி சொல்லும். பெண்களுக்கு வரும்போது ‘மாலைக்கேற்ற உடை’ என்று பொத்தாம்பொதுவாக நின்றுவிடும். பின்திரை ஒரே நிறமாக இருந்தாக வேண்டும், முன்னே நிற்பவள் தனித்துத் தெரிந்தாக வேண்டும்.

மூன்றாவது, நேரம். இரவு உணவுக்கு முன் உடை மாற்றச் சொல்லி எக்காளம் ஊதுவது அந்தக் கப்பல்களின் வழக்கம். எல்லோரும் ஒரே ஓசையைக் கேட்டு, ஒரே நேரத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டார்கள். நம் கல்யாணங்களில் முகூர்த்தம் செய்கிற வேலையை அங்கே எக்காளம் செய்தது.

கூடமும் நேரமும் எவ்வளவு வலிமையானவை என்பதை உள்ளே நுழையாதவர்கள்தான் சரியாகக் காட்டுகிறார்கள். 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தி பயணம் முழுவதும் உணவுக்கூடத்துக்குப் போகவே இல்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது, எது புலால் கலக்காதது என்று கேட்கத் துணிவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே சாப்பிட்டுக்கொண்டார். இதைத் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். கப்பலில் கறுப்புச் சூட் அணிந்தவர், கரை இறங்குவதற்கென்று ஒரு வெள்ளை ஃபிளானல் சூட்டைப் பத்திரப்படுத்தியிருந்தார். இறங்கியபோது செப்டம்பர் கடைசி. அந்தத் துறைமுகத்தில் வெள்ளை அணிந்தவர் அவர் ஒருவர்தான். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு அதே கடல்வழியில் ‘ராஜ்புதானா’ கப்பலில் அவர் போனபோது இடுப்பில் இருந்தது முழங்காலுக்கு மேல் நிற்கும் வேட்டி. இடையில் அவர் மனம் மாறியிருந்தது, உண்மைதான். ஆனால் 1888இல் அவரைப் பட்டினிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியது எந்தக் கொள்கையும் அல்ல; ஒரு கூடமும் அதன் கரண்டிகளும்தான்.

கிழக்கு நோக்கிய அதே கடல்வழி என் வாதத்துக்கு இன்னொரு சான்றையும் தருகிறது. சூயஸ் தாண்டிச் செங்கடலில் நுழைந்ததும் குளிர்பதனம் இல்லாத அந்த நாட்களில் கம்பளித் துணிக் கோட்டு சூளையாகிவிடும். பிரிட்டிஷ் கடற்படையினரும் பயணிகளும் அதற்கொரு வழி கண்டார்கள்: ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் அகலமான பட்டுத்துணி. ‘செங்கடல் உடை’ என்று அதற்குப் பெயரே வைத்து அதையும் முறையான உடையாக்கிவிட்டார்கள். அந்த இடுப்புத்துணியின் பெயர் கமர்பண்ட். பாரசீகத்தில் கமர் என்றால் இடுப்பு. இந்தியாவில் பணியாற்றிய வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் நம்மூர் வெயிலில் வெய்ஸ்ட்கோட்டைத் தாங்க முடியாமல் எடுத்துக்கொண்டது, இன்று மேற்கத்திய மாலை உடையின் பிரிக்க முடியாத அங்கமாக டக்சீடோவோடு வாடகைக்குக் கிடைக்கிறது. ‘ஆசாரம்’ என்று கல்லில் பொறித்ததாக எண்ணும் ஒன்றை வெப்பமானி எவ்வளவு எளிதாகத் திருத்தி எழுதிவிட்டது பாருங்கள்.   

1958 அக்டோபரில் அட்லாண்டிக்கின் மேல் ஜெட் விமானச் சேவை தொடங்கியது. ஐந்து நாள் பயணம் ஓரிரவாகச் சுருங்கியதும் கப்பல்கள் காலியாயின. மிஞ்சிய கப்பல்களையும் புதிதாகக் கட்டியவற்றையும் வெயில் தேடிப் போகும் சுற்றுலாவுக்குத் திருப்பினார்கள். 1972இல் தொடங்கிய கார்னிவல் நிறுவனத்தின் முதல் கப்பலே ஒரு பழைய அட்லாண்டிக் கப்பல்தான். அது முதல் பயணத்திலேயே மியாமிக்கு வெளியே மணல்திட்டில் ஏறி நின்றது தனிக்கதை. இந்தப் புதிய தொழிலில் வகுப்புச் சுவர் இல்லை. சன்னலற்ற உள்ளறையில் படுப்பவரும் பால்கனி அறையில் படுப்பவரும் ஒரே தளங்களில் உலவலாம். ஆனால் பழைய கப்பலின் பெரிய உணவுக்கூடம் அப்படியே கூட வந்தது. இரண்டு பந்தி, குறித்த மேசை, குறித்த பரிமாறுபவர். கூடமும் நேரமும் பிழைத்ததால் உடையும் பிழைத்தது. ஆனால் அதன் பொருள் தலைகீழாகிவிட்டது. முன்பு முதல் வகுப்பை மற்ற வகுப்புகளிலிருந்து பிரித்துக் காட்டிய உடை, இப்போது கப்பல் முழுவதையும் ஓரிரவு முதல் வகுப்பாக நடிக்க வைத்தது. கப்பல் தலைவர் கைகுலுக்கும் விருந்து, படிக்கட்டடியில் புகைப்படக்காரர், மறுநாள் காலை சுவரில் மாட்டி விற்கும் படங்கள், உடை இல்லாதவர்க்கு வாடகை டக்சீடோ என்று நிறுவனத்துக்கும் அதில் வரும்படி இருந்தது. 1977 முதல் 1986 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ‘லவ் போட்’ தொடர் இந்தக் காட்சியை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. அதில் வரும் ‘பசிபிக் பிரின்சஸ்’ ஏறத்தாழ 20,000 டன் கப்பல். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம் ஒரு புதிய முறையை அறிவித்தது. பந்தி இல்லை, மேசை ஒதுக்கீடு இல்லை. பிடித்த உணவகத்தில் பிடித்த நேரத்தில் சாப்பிடலாம். கட்டாய ஃபார்மல் நைட்டும் அதோடு போயிற்று. இரண்டும் ஒன்றாகப் போனது தற்செயல் அல்ல. ஆறரைக்கு ஒருவர், ஒன்பதுக்கு ஒருவர், ஒருவர் ஜப்பானிய உணவகத்தில், ஒருவர் பீட்சாக் கடையில் என்று கலைந்துபோன கூட்டத்துக்கு யார் உடுத்திக் காட்டுவது? 2009இல் வந்த ‘ஓயசிஸ் ஆஃப் த சீஸ்’ இரண்டேகால் லட்சம் டன். லவ் போட்டைவிடப் பதினோரு மடங்கு பெரியது. நடுவில் மரம் செடிகள் வளரும் பூங்காவே இருக்கிறது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் உட்கார வைக்க முடியாது, வைக்க நிறுவனத்துக்கு ஆசையும் இல்லை, ஏனென்றால் தனிக்கட்டணம் வாங்கும் உணவகங்களில்தான் கூடுதல் வருமானம். இதற்கிடையே 2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சரக்கில் போடும் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்றது, மற்றவையும் தொடர்ந்தன. இரண்டு இரவுக்கான கறுப்புக் கோட்டும் அதற்கேற்ற காலணியும் இப்போது பயணியின் தோளில் எடையாகவும் பையில் செலவாகவும் விழுந்தன. நிறுவனங்கள் விதியை நீக்காமல் பெயரை மாற்றிக்கொண்டே போயின: ஒன்றில் ‘நேர்த்தி’, ஒன்றில் ‘மாலை எழில்’, இன்னொன்றில் ‘உங்களிடம் உள்ளதில் சிறந்தது’. இந்தக் கடைசிப் பெயர் எனக்குப் பிடிக்கும். தோற்றுப்போன விதி இவ்வளவு பணிவாகப் பேசுவதை வேறெங்கும் காண முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘கூடம், பெட்டி என்று சுற்றுவானேன்? அலுவலகத்திலேயே டை கட்டுவதை விட்டுவிட்டார்கள், கப்பலில் மட்டும் ஏன் கட்டுவார்கள்? மனிதர்கள் மாறிவிட்டார்கள், அவ்வளவுதான்’ என்பது. மனிதர்கள் மாறியிருந்தால் எல்லாக் கப்பல்களிலும் ஒரேபோல மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் ‘குயீன் மேரி 2’ கப்பலில் இன்றும் ஏழு இரவில் இரண்டு, காலா மாலைகள் என்ற பெயரில், முழு மாலை உடையோடு நடக்கின்றன. அந்தக் கப்பல் எப்படிப்பட்டது? நடுவழியில் துறைமுகம் கிடையாது; வெயிலில் ஊர் சுற்றிக் களைத்துத் திரும்பும் மாலையே இல்லை. பெரும்பாலோர் சாப்பிடும் பிரிட்டானியா உணவுக்கூடம் கப்பலின் அகலம் முழுவதையும் அடைத்து, பல தள உயரமாக, நடுவே படிக்கட்டோடு இருக்கிறது. பந்தி முறை உண்டு. துறைமுகத்துக்குக் காரிலேயே வந்து இறங்கும் பிரிட்டிஷ் பயணிக்கு விமான எடைக்கட்டு இல்லை. அதே துறைமுகத்திலிருந்து கிளம்பும் பி அண்ட் ஓ கப்பல்களிலும் கறுப்பு டை இரவுகள் நீடிக்கின்றன. பெட்டி, படிக்கட்டு, நேரம் மூன்றும் ஒன்றுகூடும் இடத்தில் உடையும் நிற்கிறது. பயணிகளோ அதே இருபத்தொன்றாம் நூற்றாண்டு மனிதர்கள். திங்கட்கிழமை டை இல்லாமல் அலுவலகம் போகிறவர்கள். நம்மிடமே பார்க்கலாம்: வாரம் முழுக்கச் சுடிதாரிலும் ஜீன்ஸிலும் இருக்கும் பெண் தோழியின் கல்யாணத்துக்குக் காஞ்சிப் பட்டோடு நிற்கிறாள். ஒரே மண்டபம், ஒரே நேரம், எல்லார் கண்ணும் ஒரே திசையில். இவை இருக்கும் வரை பட்டு எங்கும் போகாது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு வைக்கிங் நிறுவனத்தின் கப்பல்கள். 2015 முதல் கடலில் ஓடும் அவற்றில் ஆயிரத்துக்கும் குறைவான பயணிகள். பெரும்பாலும் நடுவயதைக் கடந்த, வசதி படைத்த, உடுத்தத் தெரிந்தவர்கள். ஒரே கூடத்தில் உட்கார வைப்பது அங்கே எளிது. ஆனால் ஃபார்மல் நைட்டே கிடையாது என்பதை அவர்கள் விளம்பரமாகவே சொல்கிறார்கள். என் வாதம் இங்கே உடைகிறதா? அவர்களின் பயணத்திட்டத்தைப் பாருங்கள்: ஏறக்குறைய நாள்தோறும் ஒரு துறைமுகம். விரும்பும் நேரத்தில் விரும்பும் மேசை. பயணிகளில் பெரும்பாலோர் பெருங்கடலைத் தாண்டி விமானத்தில் வந்து ஏறுகிறவர்கள். பணமும் பழக்கமும் உடையைக் காப்பாற்றும் என்றால் அங்கேதான் அது முதலில் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கப்பல் எனக்கு எதிரான சாட்சியாக வந்து எனக்காகப் பேசிவிட்டுப் போகிறது.

‘காசு கொடுத்தவன் நான், என்ன உடுத்துவது என்று எவன் சொல்வது?’ என்ற குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஜாக்கெட் அணியாமல் கூடத்துக்குள் நுழைபவர் அதே கேள்வியைக் கேட்கிறார்; எல்லோரும் அலங்கரித்து நிற்கும் கூடத்தைக் காணத்தான் காசு கொடுத்தேன் என்று எதிரே இருப்பவரும் அதையே கேட்கிறார். இருவர் கையிலும் ஒரே ரசீது. ஃபார்மல் நைட் விசித்திரமான சரக்கு. அதை விற்கும் நிறுவனம் அதைத் தயாரிப்பதில்லை, மற்ற பயணிகள்தான் தயாரிக்கிறார்கள். கால்பங்குப் பேர் விலகினால் மீதிப் பேர் வாங்கியதும் கெட்டுவிடும். இதற்குக் குயீன் மேரி 2 கண்ட தீர்வு நியாயமானது என்பேன்: உடுத்த விரும்பாதவருக்கு அந்த இரவில் பஃபே உணவகமும் மதுக்கூடமும் இன்னும் சில இடங்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பட்டினி போடவில்லை, காட்சிக்குள் வராதே என்று மட்டும் சொல்கிறார்கள்.

மேற்கத்திய உடையை மற்றவர் மேல் திணிப்பது அல்லவா என்ற கேள்வி நமக்கு இன்னும் நெருக்கமானது. 2014இல் சென்னைச் சேப்பாக்கத்தில் ஒரு கிரிக்கெட் மன்றம் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் அத்தகைய தடையை நீக்கிச் சட்டம் இயற்றியது. அங்கே வேட்டி அலங்காரக் குறைவு என்று கருதப்பட்டது, அது அறியாமை. கப்பல்களின் உடைக்குறிப்பு இந்த விஷயத்தில் அந்த மன்றத்தைவிடப் பரந்த மனம் கொண்டது. ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட்டை அவை என்றோ ஏற்றுக்கொண்டன. முறையான தேசிய உடை செல்லும் என்று வெளிப்படையாகச் சொல்பவையும் உண்டு. கரைவைத்த பட்டு வேட்டியோ, பட்டுப்புடவையோ அந்தப் படிக்கட்டில் இறங்கினால் கூடம் கேட்கும் வேலையைச் செவ்வனே செய்யும். தையல் வேண்டாம், அளவு மாறினாலும் கவலையில்லை, மடித்தால் பெட்டியின் ஓரத்தில் அடங்கிவிடும். பெட்டி சுருங்கிவரும் காலத்தில் கவுனைவிடப் புடவைக்கு வாய்ப்பு அதிகம்.

வகுப்பு ஆணவம் என்ற குற்றச்சாட்டில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் குற்றம் சாட்டுபவர்கள் கை நீட்டும் இடத்தில் அல்ல. பயணிகளுக்குள் அந்த இரவு உயர்வு தாழ்வை மறைக்கவே செய்கிறது. கறுப்புக் கோட்டுக்குள் யார் உள்ளறை, யார் தனிமாளிகை அறை என்று தெரியாது. குயீன் மேரி 2இல்கூட உயர்ந்த கட்டண அறைக்காரர்களுக்குக் கிரில் என்ற தனி உணவகங்கள் உண்டு. பிரிப்பது கதவு, உடை அல்ல. உண்மையான கோடு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. கோவாவிலிருந்து பி அண்ட் ஓ கப்பல்களுக்குப் போன பரிமாறுபவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கூடங்களில் நின்றார்கள். இன்று அந்த இடத்தில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியாவிலிருந்து வந்த ஊழியர்கள். பயணிக்கு வாரத்தில் இரண்டு இரவு ஃபார்மல் நைட். போ டை கட்டிய ஊழியருக்கு ஒப்பந்தம் முடியும் வரை எல்லா இரவும் அதுதான். டை கட்டுவது கொடுமை என்று புலம்பும் பயணி, தட்டை நீட்டுபவரின் கழுத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. ஃபார்மல் நைட் ஒழிந்துகொண்டிருக்கிறது என்று இரங்கல் எழுதுபவர்கள் 2021இல் பயணம் தொடங்கிய வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அங்கே பெரிய உணவுக்கூடம் இல்லை, பந்தி இல்லை, உடை விதியும் இல்லை. ஆனால் ஓர் இரவு எல்லோரும் சிவப்பு அணிந்து மேல்தளத்து நீச்சல்குளத்தைச் சுற்றிக் கூடுகிறார்கள். சிவப்புக் கவுனாக இருக்கலாம், சிவப்புப் பனியனாக இருக்கலாம். கூடத்துக்குப் பதில் குளம், எக்காளத்துக்குப் பதில் இசைக்குழு, துணிக்குப் பதில் வெறும் நிறம். நிறத்துக்கு எடை இல்லை, கைப்பையிலேயே போய்விடும். குயீன் மேரி 2ஐ ஓட்டும், நூற்றெண்பது ஆண்டுக்கு மேல் பழைய கூனார்ட் நிறுவனமும் இப்போது தன் காலா மாலைகளுக்கு ‘கறுப்பு வெள்ளை’, ‘முகமூடி’ என்று பெயர் சூட்டி அறிவிக்கிறது.